வீட்டு ஆர்கேட் கேபினெட்டில் மானிட்டரின் நிறம் கெட்டால் எங்கிருந்து தொடங்குவது

பழைய ஆர்கேட் கேபினெட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல்முறை ஸ்விட்சைப் போடும்போது, படம் வந்துவிட்டாலே பாதி நிம்மதி. அடுத்த நிமிடம் கண் நிறத்துக்குப் போகும். ஒரு மூலையில் பச்சையாகக் கறை படிந்திருக்கும். அல்லது வெள்ளையாக இருக்க வேண்டிய எழுத்து மஞ்சளாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் சிவப்பு நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். உடனே பின்கதவைத் திறந்து, கண்ணில் படும் திருகையெல்லாம் திருப்பிப் பார்க்கக் கை பரபரக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கோளாறுகளில் பாதிக்கு மேல் காந்தத்தாலோ ஒயராலோ வந்தவை. மானிட்டர் போர்டில் எதையும் திருப்பாமலே அவை சரியாகிவிட்டன. அதனால் இந்தக் கட்டுரை வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசையில் இருக்கிறது. முதலில் பார்ப்பது, பிறகு காந்தம், பிறகு ஒயர், பிறகு பிரீசெட்கள் என்ற சின்னச் சரிசெய்யும் திருகுகள், பிறகு போர்டு. படத்தைக் காட்டும் பிக்சர் டியூப்பின் கழுத்தில் இருக்கும் காந்த வளையங்களுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

முதலில் பார்க்க மட்டும் செய்யுங்கள்

மானிட்டரை இருபது நிமிடமாவது ஓடவிடுங்கள். சூடேறாத டியூப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்புறம் கேமின் டெஸ்ட் மோடுக்குப் போங்கள். பெரும்பாலான போர்டுகளில் டெஸ்ட் பட்டனை அழுத்தினாலோ போர்டிலேயே இருக்கும் சின்ன டிப் ஸ்விட்சைத் தள்ளினாலோ நிறப் பட்டைகளும் கட்டம் போட்ட படமும் வரும். கன்சோலை இணைத்து விளையாடுபவர்களுக்கு 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் தேவையான எல்லாப் படங்களும் கிடைக்கும். கம்ப்யூட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் ஒற்றை நிறத்தில் நிரப்பிய படங்களும் ஒரு கட்டப் படமும் போதும்.

மூன்று படங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, திரை முழுக்கச் சிவப்பு. சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே சிவப்பாக இருக்கிறதா? ஏதாவது ஒரு பக்கம் ஆரஞ்சாகவோ ஊதாவாகவோ மாறினால் அதற்குப் பெயர் பியூரிட்டி கோளாறு. அது காந்தம் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டாவது, திரை முழுக்க வெள்ளை. வெள்ளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை அல்லது குறைவாக வருகிறது. பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் தெரிந்தால் சிவப்பு இல்லை. மெஜந்தாவாகத் தெரிந்தால் பச்சை இல்லை. இது ஒயர், பிரீசெட் அல்லது போர்டு சம்பந்தப்பட்டது. மூன்றாவது, வெள்ளைக் கோடுகளால் ஆன கட்டம். கோடு ஒன்றாக இல்லாமல் சிவப்பாகவும் நீலமாகவும் பிரிந்து தெரிந்தால் அது கன்வர்ஜென்ஸ் கோளாறு.

இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு. கேமை ஓடவிட்டு, தப்பான நிறம் படத்தோடு சேர்ந்து நகர்கிறதா, கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பாத்திரம் மட்டும் எங்கே போனாலும் தப்பான நிறத்தில் வருகிறது, டெஸ்ட் மோடின் நிறப் பட்டைகளோ சரியாக இருக்கின்றன என்றால் கோளாறு கேம் போர்டில். மானிட்டரை விட்டுவிடுங்கள்.

கறை ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. பிக்சர் டியூப்பின் கழுத்தில் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகள் இருக்கின்றன. எலெக்ட்ரானுக்கு நிறம் கிடையாது. கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பாஸ்பர்தான் நிறமாக ஒளிர்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் பொடித் துளைகள் நிறைந்த மெல்லிய இரும்புத் தகடு ஒன்று நிற்கிறது. அதுதான் ஷேடோ மாஸ்க். சிவப்புத் துப்பாக்கியின் கற்றை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் துளைக்குள் நுழைந்து சிவப்புப் பாஸ்பரை மட்டும் தொட வேண்டும். தகட்டில் காந்தம் ஏறிவிட்டால் கற்றை மயிரிழை விலகும், பக்கத்திலிருக்கும் பச்சையில் போய் விழும். சோனியின் டிரினிட்ரான் டியூப்களில் துளைக்குப் பதிலாக நெடுக்குவாட்டில் கம்பிகள் இருக்கும். அங்கேயும் கதை இதேதான்.

காந்தத்தைத் தேடுங்கள்

நான் வாங்கிய முதல் கேபினெட்டில் மேல் இடது மூலை ஊதாவாக இருந்தது. பியூரிட்டி வளையங்களைத் திருப்பித் திருப்பி இரண்டு மாலைகள் போயின. மூலை சரியானால் நடு கெட்டது, நடு சரியானால் மூலை கெட்டது. கடைசியில் மேலே இருந்த ஸ்பீக்கரைத் துடைப்பதற்காகக் கழற்றினேன். அதைக் கையில் எடுத்த அந்த நொடியே ஊதா அங்கிருந்து நழுவிப் போனது. முன்பு வைத்திருந்தவர் காரில் போடுகிற சாதாரண ஸ்பீக்கரை மாட்டியிருந்தார், அதன் காந்தத்துக்கு மறைப்பு எதுவும் கிடையாது. அதற்குள் நான் வளையங்களைக் கலைத்துவிட்டதால், அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இன்னும் ஒரு முழு நாள் ஆனது.

அதனால் முதல் வேலை இது. திரையில் சிவப்பை நிரப்பி வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் திருகுகளைக் கழற்றி, ஒயரோடு அப்படியே மெதுவாக வெளியே நகர்த்துங்கள். கறை சுருங்கினால் திருடன் பிடிபட்டான். மறைப்புள்ள காந்தம் கொண்ட ஸ்பீக்கரை மாட்டுங்கள், அல்லது இருப்பதையே டியூப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அசையாத கறை என்றால் நிலைக்காந்தம். கறை நடுங்கினால், படம் அலையடித்தால், அருகில் எங்கோ மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது என்று அர்த்தம். பவர் டிரான்ஸ்ஃபார்மர், மின்விசிறி மோட்டார், ஒட்டி நிற்கும் இன்னொரு டியூப் மானிட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

பூமியும் ஒரு காந்தம்தான். கேபினெட்டை ஒரு சுவரிலிருந்து மற்றொரு சுவருக்குத் திருப்பி வைத்தாலே லேசாக நிறம் மாறலாம். மானிட்டரைக் கழற்றி நிமிர்த்தி மாட்டுபவர்கள் இதை நன்றாகவே பார்ப்பார்கள். பேக்-மேன், கேலகா போன்றவை நெட்டுத் திரைக்கு எழுதப்பட்ட கேம்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 படுக்கைத் திரைக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பியதும் மூலைகளில் நிறம் படிவது இயல்பு, டியூப் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். டீகாஸ் செய்தால் போய்விடும்.

டீகாஸ் செய்வது எப்படி

தகட்டில் ஏறிய காந்தத்தை இறக்குவதற்குப் பெயர்தான் டீகாஸ். திசை மாறிக்கொண்டே இருக்கும் பலமான காந்தப்புலத்தைக் காட்டி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதில் முக்கியம் அந்தக் கொஞ்சம் கொஞ்சமாக என்பது.

கையில் பிடிக்கும் டீகாஸிங் காயில், அதாவது கம்பிச்சுருள், ஒன்று வாங்கவோ இரவல் வாங்கவோ முடிந்தால் நல்லது. முதலில் கைக்கடிகாரம், வங்கி அட்டை, ஹார்ட் டிஸ்க், போன் எல்லாவற்றையும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைச் செய்யவும் வேண்டாம், அருகில் நிற்கவும் வேண்டாம். மானிட்டரில் வெள்ளையோ சிவப்போ நிரம்பியிருக்கட்டும். திரையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று காயிலின் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியபடியே கிட்டே வாருங்கள். வர வர வானவில்லைக் குழைத்து ஊற்றியது போலத் திரை சுழலும். கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் காயிலைத் திரைக்கு இணையாகப் பிடித்து, நடுவிலிருந்து ஓரம் வரை மெதுவாக வட்டம் போடுங்கள், நான்கு மூலைகளையும் தொட்டு வாருங்கள். பத்துப் பதினைந்து நொடி போதும். பிறகு வட்டம் போட்டுக்கொண்டே பின்வாங்குங்கள். அவசரமே கூடாது. இரண்டு மீட்டர் தூரம் வந்ததும் காயிலைத் திரைக்குச் செங்குத்தாகத் திருப்பி, அதற்குப் பிறகு பட்டனை விடுங்கள்.

திரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது கை நழுவிப் பட்டனை விட்டுவிட்டால், அந்த நொடியின் காந்தம் அப்படியே தகட்டில் தங்கிவிடும், முன்பைவிட மோசமாகத் தெரியும். பதறத் தேவையில்லை, முதலிலிருந்து செய்தால் சரியாகிவிடும். காயில் சீக்கிரம் சூடேறும். ஒருமுறை செய்ததும் அதை ஆறவிடுங்கள்.

டிரில்லின் முனையில் நிலைக்காந்தத்தைக் கட்டிச் சுற்றும் குறுக்குவழி ஒன்றைச் சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பலமான காந்தம் திரையை நெருங்கினால் தகடே வளைந்துவிடலாம், வளைந்த தகட்டை நிமிர்த்த வழியே இல்லை.

பின்கதவைத் திறப்பதற்கு முன்

இதுவரை செய்ததெல்லாம் மானிட்டரின் போர்டைத் தொடாமல் செய்தவை. இனி பின்பக்கம் போகிறோம். இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

வண்ண மானிட்டரின் டியூப்பில் ஆனோட் என்ற இடத்துக்கு 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் போகிறது. டியூப்பின் மேல்புறம் ரப்பர் மூடி ஒன்று தடித்த ஒயரோடு ஒட்டியிருக்கும், அதுதான் அந்த இடம். டியூப்பே ஒரு பெரிய கெப்பாசிட்டர் போல வேலை செய்வதால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் உள்ளே தங்கியிருக்கும். மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டரிலும் நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கலாம்.

ஆனோடை வெறுமையாக்க, நல்ல பிளாஸ்டிக் பிடி கொண்ட நீண்ட தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்றும், இரண்டு பக்கமும் முதலைக் கிளிப் உள்ள ஒயர் ஒன்றும் வேண்டும். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. டியூப்பின் பின்புறம் கறுப்புப் பூச்சின் மேல் பின்னல் கம்பி ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். கிளிப்பின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள், மறுமுனையை ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் மாட்டுங்கள். சர்க்யூட் போர்டின் எர்த்தில் மாட்டக்கூடாது, போர்டில் இருக்கும் ஐசிகள் போய்விடும். இப்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பிடியை மட்டும் பிடித்து, ரப்பர் மூடியின் அடியில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொடுங்கள். டப் என்று ஒரு சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சில நொடிகள் அப்படியே பிடித்திருங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள், கொஞ்சம் மின்னூட்டம் மறுபடி சேர்ந்துவிடும். ஃபில்டர் கெப்பாசிட்டரில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே போர்டில் கை வையுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். டியூப்பின் கழுத்து முட்டை ஓடு மாதிரி. ஒரு முழங்கை பட்டால் உடைந்து காற்று ஏறிவிடும், டியூப் அத்தோடு முடிந்தது. வெல்ஸ்-கார்ட்னர் கே7000, எலெக்ட்ரோஹோம் ஜி07 போன்ற பழைய ஆர்கேட் மானிட்டர்களுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். அவற்றின் சர்க்யூட்டுக்கும் மெயின் லைனுக்கும் நடுவே வேறு தடுப்பு கிடையாது. உங்கள் கேபினெட்டில் அது இருக்கிறதா, யாராவது கழற்றிவிட்டார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மாட்டும் வரை மானிட்டரை இயக்காதீர்கள்.

மானிட்டரின் சொந்த டீகாஸ் வேலை செய்கிறதா?

பெரும்பாலான மானிட்டர்களில் டியூப்பைச் சுற்றி ஒரு டீகாஸ் காயில் ஏற்கெனவே இருக்கும். குளிர்ந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டதும் டொம்ம் என்று ஓர் அதிர்வு கேட்கும், அதுதான் அந்தக் காயில். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் முதலில் காயிலின் பிளக் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ மானிட்டர்களில் யாரோ சர்வீஸ் செய்தபோது கழற்றிய பிளக் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

பிளக் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பாசிஸ்டர் மேல். இது சூடேறும்போது மின்தடை கூடுகிற ஒரு சிறு பாகம். தொடக்கத்தில் முழு மின்னோட்டத்தையும் விட்டு, சூடேறச் சூடேறக் குறைத்துக்கொண்டே வரும். கையில் காயிலைப் பிடித்துக்கொண்டு நாம் பின்வாங்குகிறோமே, அதே வேலையை இது நின்ற இடத்திலிருந்தே செய்கிறது. வயதானால் உள்ளே இருக்கும் வில்லை உடைந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, ஆறிய பிறகு கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வந்தால் உடைந்துவிட்டது. அதே மதிப்பு எழுதிய புதியது போட்டால் போதும். சில நேரம் பாசிஸ்டர் உடையாமலே பழுதாகி, காயிலுக்கு விடாமல் கொஞ்சம் மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அப்போது திரையின் ஓரங்களில் நிறம் மெல்ல நடுங்கும்.

மானிட்டரை அணைத்து உடனே போட்டால் இந்த டீகாஸ் வேலை செய்யாது. பாசிஸ்டர் ஆற அரைமணி நேரம் கொடுங்கள். மறைப்பில்லாத ஸ்பீக்கர் பல வருடம் பக்கத்தில் இருந்த டியூப்புக்கு உள்காயிலின் பலம் போதாது, கைக்காயில்தான் வேண்டும்.

ஒரு நிறமே இல்லையென்றால்

இப்போது இரண்டாவது வகை. வெள்ளை முழுத் திரையிலும் மஞ்சளாக, நீலமே இல்லாமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேள்வி ஒன்றுதான்: நீலம் மானிட்டருக்கு வந்து சேரவில்லையா, வந்தும் மானிட்டர் காட்டவில்லையா?

இதற்கு மிக எளிய சோதனை, ஒயரை மாற்றிப் போடுவது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மானிட்டரின் உள்ளீட்டில் நீல ஒயரையும் பச்சை ஒயரையும் இடம் மாற்றுங்கள். திரும்ப இயக்கிப் பாருங்கள். இப்போது பச்சை காணாமல் போய் நீலம் வந்துவிட்டால் மானிட்டர் நல்லபடியாக இருக்கிறது, கோளாறு ஒயரிலோ கேம் போர்டிலோ. நீலம் இப்போதும் வரவில்லை என்றால் கோளாறு மானிட்டருக்குள். பத்து நிமிட வேலை, பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஒயர் பக்கம் என்றால் கனெக்டர்களில் தொடங்குங்கள். ஆர்கேட் போர்டுகளுக்கான பொதுவான இணைப்பு முறையான ஜாமா உள்ள கேபினெட்டில், பாகங்கள் இருக்கும் பக்கத்தின் 12-வது பின் சிவப்பு, 13-வது நீலம். ஈயம் வைத்த பக்கத்தின் 12-வது பச்சை, 13-வது படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் சிக்னல். கேம் போர்டின் ஓரத்தில் விரல் மாதிரி நிற்கும் அந்த உலோகப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். பார்க்கும்போது ஒயரைக் கையால் அசைத்துக்கொண்டே பார்ப்பது முக்கியம், பீப் விட்டுவிட்டுக் கேட்டால் உள்ளே முறிந்திருக்கிறது. வீடியோ எர்த் ஒயரையும் மறந்துவிடாதீர்கள். அது விட்டுப்போனால் எல்லா நிறமும் சேர்ந்து குழம்பும்.

கம்ப்யூட்டரை ஆர்கேட் மானிட்டரில் இணைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரின் வீடியோ 0.7 வோல்ட்தான். ஆர்கேட் போர்டு அதைப்போலப் பல மடங்கு அனுப்பும், மானிட்டரும் அதைத்தான் எதிர்பார்க்கும். நேரடியாக இணைத்தால் நிறமெல்லாம் வெளுத்து, மங்கலாக, சாயம் போன துணி மாதிரி இருக்கும். பிரைட்னெஸைக் கூட்டி அதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நடுவே வீடியோ ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அல்டிமார்க்கின் ஜே-பேக் போன்ற போர்டுகளில் அது சேர்ந்தே வரும். பழைய ஆர்கேட் மானிட்டர்களில் பெரும்பாலானவை 15 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குச் சுமார் பதினைந்தாயிரம் கோடு போடும் வேகத்தில் ஓடுபவை, கம்ப்யூட்டர் இயல்பாக அனுப்புவது 31 கிலோஹெர்ட்ஸோ அதற்கு மேலோ என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெள்ளையை வெள்ளையாக்குவது

மூன்று நிறமும் வருகின்றன, ஆனால் வெள்ளையில் லேசாக ஏதோ ஒன்று தூக்கலாக இருக்கிறது. இது வயதான டியூப்பில் சாதாரணம், மூன்று துப்பாக்கிகளும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. இதைச் சரிசெய்ய டியூப்பின் கழுத்தில் சொருகியிருக்கும் சிறிய போர்டில் பிரீசெட்கள் இருக்கும். மூன்று கட்ஆஃப், இரண்டோ மூன்றோ டிரைவ். இரண்டு டிரைவ் மட்டும் இருந்தால் மூன்றாவது நிறம் அசையாத அளவுகோல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் பிளைபேக் டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்க்ரீன், ஃபோகஸ் என்று இரண்டு திருகுகளும் இருக்கும். எதையும் தொடுமுன் ஒவ்வொன்றும் எந்தத் திசையில் நிற்கிறது என்று போட்டோ எடுங்கள், மார்க்கரால் கோடும் போடுங்கள்.

இந்த வேலை மானிட்டர் ஓடும்போதுதான் நடக்க வேண்டும். பிளாஸ்டிக் திருகி மட்டும் பயன்படுத்துங்கள், ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். கேபினெட்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் பின்னால் நின்றபடியே திரையைப் பார்க்கலாம்.

கட்ஆஃப் இருட்டைக் கவனிக்கும், டிரைவ் வெளிச்சத்தைக் கவனிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. அறை விளக்கை அணைத்து, டிரைவ்களை நடுவில் நிறுத்தி, கறுப்புப் படத்தைப் போடுங்கள். ஸ்க்ரீனை மெதுவாகக் கூட்டினால் கறுப்பு லேசாக ஒளிரத் தொடங்கும். முதலில் எந்த நிறம் எட்டிப் பார்க்கிறது? பச்சை என்றால் பச்சையின் கட்ஆஃபைக் குறையுங்கள், அல்லது மற்ற இரண்டையும் அதன் அளவுக்குக் கூட்டுங்கள். அந்த மங்கிய ஒளி நிறமில்லாத சாம்பலாக வரும் வரை இப்படியே. பிறகு ஸ்க்ரீனைக் குறைத்துக் கறுப்பை முழுக் கறுப்பாக்குங்கள். இப்போது வெள்ளைப் படம் போட்டு டிரைவ்களால் வெள்ளையைச் சமன் செய்யுங்கள். டிரைவை மாற்றினால் இருட்டும் கொஞ்சம் மாறும், அதனால் இரண்டு மூன்று சுற்று போக வேண்டிவரும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஏறும் சாம்பல் பட்டை ஒன்றைப் போட்டு, எந்தப் படியிலும் நிறம் தலைகாட்டவில்லை என்றால் முடிந்தது.

படத்தின் மேல் சாய்வாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் ஸ்க்ரீன் அதிகமாகிவிட்டது. பழைய மானிட்டர்களில் யாரோ மங்கலைச் சரிசெய்ய ஸ்க்ரீனைக் கூட்டிவிட்டுப் போயிருப்பார்கள், அதனால் கறுப்பெல்லாம் வெளுத்திருக்கும். அதைக் குறைத்ததும் எல்லா நிறங்களுக்கும் உயிர் வந்துவிடும். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

கழுத்து போர்டின் கோளாறு

ஒயர் மாற்றும் சோதனையில் கோளாறு மானிட்டருக்குள் என்று தெரிந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, ஆனோடை வெறுமையாக்கி, கழுத்து போர்டை நேராக, ஆட்டாமல் பின்னால் இழுத்துக் கழற்றுங்கள். பூதக்கண்ணாடியில் ஈய முனைகளைப் பாருங்கள். டியூப் சாக்கெட்டின் கால்கள், கனெக்டர் கால்கள், சூடேறும் டிரான்சிஸ்டர்களின் கால்கள் இந்த மூன்று இடங்களில்தான் டிரை சால்டர் அதிகம் வரும். காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வட்டமாக ஒரு விரிசல், மோதிரம் போட்டது மாதிரித் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். கேபினெட்டைத் தட்டினால் நிறம் வந்து போகிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

ஒரு நிறம் முழு வேகத்தில் எரிந்து, திரை முழுக்கச் சிவப்பாகி, சாய்வுக் கோடுகளும் தெரிந்தால் அந்த நிறத்தின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். மூன்று நிறங்களுக்கும் ஒரே மாதிரியான சர்க்யூட் என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. கழற்றிய போர்டில் மூன்று டிரான்சிஸ்டர்களையும் மீட்டரில் அளந்து பாருங்கள், ஒன்று மட்டும் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாது. டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தும் இதே கோளாறு இருந்தால் டியூப்பின் துப்பாக்கிக்குள்ளேயே ஷார்ட் இருக்கலாம். அதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, வளையங்கள்

டியூப்பின் கழுத்தில் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும் வளையங்கள் மூன்று ஜோடி இருக்கும். ஒன்று பியூரிட்டிக்கு, மற்ற இரண்டும் கன்வர்ஜென்ஸுக்கு. தொழிற்சாலையில் சரிசெய்து பெயிண்டால் ஒட்டிவிட்ட வளையங்கள் தாமாக நகராது. அந்தப் பெயிண்ட் உடையாமல் இருந்தால் பியூரிட்டி கெட்டதற்குக் காரணம் அநேகமாக வேறு எங்கோ இருக்கிறது, திரும்ப மேலே போய்ப் பாருங்கள். கற்றையைத் திரை முழுக்கத் திருப்பும் கம்பிச்சுருளான யோக்கோ டியூப்போ மாற்றியிருந்தால், அல்லது முன்பு யாராவது வளையங்களைக் கலைத்திருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். எல்லா வளையங்களின் குறுக்கேயும் ஒரே நேர்கோடாக மார்க்கரால் இழுத்து வையுங்கள், வழி தவறினால் திரும்பி வருவதற்கு.

ஒவ்வொரு ஜோடியும் ஒரே விதமாகத்தான் வேலை செய்யும். இரண்டு காதுகளின் இடைவெளியை மாற்றினால் தள்ளும் பலம் மாறும். இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் தள்ளும் திசை மாறும்.

பியூரிட்டிக்கு முதலில் டீகாஸ், அரைமணி நேரச் சூடு, பிறகு முழுச் சிவப்புத் திரை. மின்சாரத்தைத் துண்டித்து யோக்கின் கவ்வியைத் தளர்த்தி, யோக்கைக் கழுத்துப் பக்கம் பின்னால் இழுங்கள். அதைப் பிடித்திருக்கும் ரப்பர் ஆப்புகளை முதலில் எடுக்க வேண்டியிருக்கும். இயக்கினால் சிவப்பு ஒரு திட்டாகச் சுருங்கித் தெரியும், இரு பக்கமும் வேறு நிறம். பியூரிட்டி வளையங்களால் அந்தத் திட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு யோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளினால் சிவப்பு விரிந்து திரையை நிரப்பும். யோக்கில் உயர் மின்னழுத்தம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு நகர்த்துவதே நல்லது, நேரம் ஆனாலும் பரவாயில்லை. பச்சையையும் நீலத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றும் சுத்தமாக நிரம்பியதும் படம் சாயாமல் யோக்கை நேராக்கிக் கவ்வியை இறுக்குங்கள்.

கன்வர்ஜென்ஸுக்குக் கட்டப் படம் போட்டு நடுவை மட்டும் பாருங்கள். நான்கு துருவ வளையங்கள் சிவப்பையும் நீலத்தையும் எதிரெதிராக நகர்த்தும், அவற்றால் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள், மெஜந்தாக் கோடு கிடைக்கும். ஆறு துருவ வளையங்கள் அந்த மெஜந்தாவை ஒட்டுமொத்தமாக நகர்த்தும், அதைப் பச்சையின் மேல் ஏற்றினால் வெள்ளை. ஓரங்களை வளையத்தால் சரிசெய்ய முடியாது. யோக்கின் முன்பக்கத்தை மேலும் கீழும், இடமும் வலமும் லேசாகச் சாய்த்துப் பார்த்து, நல்ல இடத்தில் ரப்பர் ஆப்புகளைச் சொருக வேண்டும். டியூப்பில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தப் பட்டைகள் மூலைகளுக்காகத் தொழிற்சாலையில் வைத்தவை, அவற்றைப் பிய்க்காதீர்கள். கடைசி மூலையில் ஒரு மில்லிமீட்டர் சிவப்பு மிஞ்சினால் விட்டுவிடலாம். விளையாடும் தூரத்தில் அது கண்ணில் படாது.

எதைச் சரிசெய்ய முடியாது?

கீழே விழுந்த மானிட்டரில் ஷேடோ மாஸ்க் இடம் பெயர்ந்திருக்கலாம். எத்தனை முறை டீகாஸ் செய்தாலும் கறை அசையவே இல்லை, சுற்றிலும் காந்தமும் இல்லை என்றால் அதுதான். ஒரே கேம் பல வருடம் ஓடிய டியூப்பில் அந்தப் படத்தின் தடம் பாஸ்பரில் பதிந்திருக்கும், அணைத்து வைத்தாலும் கண்ணாடியில் தெரியும். பேக்-மேனின் புதிர்ப்பாதை பதிந்த டியூப்கள் ஏராளம். ஒரு நிறம் மட்டும் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் எழுந்து வருகிறது என்றால் அந்தத் துப்பாக்கி களைத்துவிட்டது. டியூப்பைப் புதுப்பிக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவை ஒரேயடியாக டியூப்பை முடித்துவிடவும் கூடும். ஓரளவு படம் வருகிற டியூப்பில் நான் அதைப் பயன்படுத்த மாட்டேன், கட்ஆஃபைக் கொஞ்சம் சரிக்கட்டி அப்படியே விளையாடுவேன்.

எல்லாம் முடிந்ததும் வளையங்களின் மேலும் ஆப்புகளின் ஓரத்திலும் ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்துக் காயவிடுங்கள். கேபினெட்டை அது எப்போதும் நிற்கும் இடத்தில், நிற்கும் திசையில் வைத்து, குளிர்ந்த நிலையிலிருந்து ஒருமுறை இயக்குங்கள். டொம்ம் என்ற சத்தம் கேட்ட பிறகு இருபது நிமிடம் கழித்து, சிவப்புத் திரையைத் திரும்ப ஒருமுறை பாருங்கள்.